இறங்கினார்களா, இறக்கினார்களா?

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் தலைப்பு எழுதும் செய்தி ஆசிரியர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்:

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப்போன தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தால், மறுநாள் தலைப்பு எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்ச் செய்தி படிக்கிற எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: 'விஷவாயு தாக்கி 3 பேர் பலி.' எண் மட்டும்தான் மாறும். உள்ளே போனால் தொழிலாளர்கள் தொட்டிக்குள் 'இறங்கினர்', 'எதிர்பாராதவிதமாக' மயங்கினர், காப்பாற்றப் போனவரும் உள்ளே விழுந்தார். கடைசி வரி, 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது.' இந்தச் செய்தியில் வினை செய்தவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். தாக்கியது வாயு. இறங்கியது இறந்தவர். ஏற்படுத்தியது சம்பவம். அந்தத் தொட்டி யாருடையது, வேலைக்கு அழைத்தவர் யார், கூலி பேசியவர் யார், மூடியைத் திறந்துவிட்டு மேலே நின்றவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. தவறு நடந்திருக்கிறது, ஆனால் யாரும் அதைச் செய்யவில்லை. அநீதியைச் சொல்ல நீங்கள் அன்றாடம் எடுக்கும் சொற்கள் பல இப்படித்தான் அமைந்திருக்கின்றன என்பதையும், அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டிய காரணங்களையும் உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

தமிழில் தன்வினை, பிறவினை என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். இறங்கினார் என்றால் தானே செய்தது. இறக்கினார் என்றால் இன்னொருவரைச் செய்ய வைத்தது. ஒரு மெய்யெழுத்துதான் வேறுபாடு. ஆனால் கழிவுநீர்த் தொட்டி மரணங்களைப் பொறுத்தவரை சட்டம் முழுக்க அந்த ஒரு மெய்யெழுத்தின் மேல்தான் நிற்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறி ஈடுபடுத்தியவருக்கு முதல் முறையே 2 ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. இறங்கியவர் மேல் அந்தச் சட்டத்துக்குப் புகார் எதுவும் இல்லை. இறக்கியவரைத்தான் அது கேள்வி கேட்கிறது. உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. விபத்துக்கு அனுதாபம் தெரிவித்த தீர்ப்புகள் அல்ல இவை. தடுத்திருக்க வேண்டியதைத் தடுக்காததற்கு அரசைப் பொறுப்பாக்கியவை. அந்தச் சட்டமும் இந்தத் தீர்ப்புகளும் பிறவினையில் பேசுகின்றன. நம் தலைப்புகள் இன்னும் தன்வினையில் நிற்கின்றன.

இது தொட்டி மரணங்களோடு நிற்கிற பழக்கமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. 'துப்பாக்கிச் சூட்டில் பலி' என்று எழுதும்போது சுட்டவர் மறைந்து துப்பாக்கி முன்னால் வருகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, போலீசார் வரம்பு மீறினார்கள் என்று கண்டு, அதிகாரிகள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்தது. அதன் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார் என்பதுதான் அந்த விசாரணையின் சாரமே. அதேபோல 'லாக்கப் மரணம்' என்ற சொல்லைப் பாருங்கள். அது இடத்தைச் சொல்கிறது, முடிவைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்வதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சித்திரவதைப்பட்டு இறந்த வழக்கில், போலீசார் எழுதிய முதல் தகவல் அறிக்கை அவர்கள் இருவரும் தரையில் உருண்டதால் காயம்பட்டதாகச் சொன்னது. உருண்டார்கள் என்பது தன்வினை. அடித்தவர்களே எழுதும்போது வாக்கியம் எந்த இலக்கணத்தில் வந்து ஒதுங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. சி.பி.ஐ. அந்த வழக்கை எடுத்து, காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியபோது அதே காயங்கள் பிறவினைக்கு மாறின.

செய்தவரை மறைப்பதற்கு இன்னொரு வழி, செய்தவரையும் பட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது. 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற தொடர் அதற்காகவே இருப்பதுபோலத் தோன்றுகிறது. மோதுவதற்கு இருவர் வேண்டும். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே செயலைச் செய்ய வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். அன்று மாலை நடந்த கைகலப்பில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டிருந்தார் என்பதும் உண்மை. அப்படியானால் இரண்டு நிகழ்வுகளுக்கு இரண்டு சொற்கள் வேண்டும். முன்னதை மோதல் என்று சொல்லலாம். குடிசைக்குள் ஒளிந்திருந்த குழந்தைகள் யாரோடும் மோதவில்லை. பின்னதை எரித்துக் கொன்றது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து 'கூலித் தகராறில் மோதல்' என்று முடிச்சுப் போட்டால் பின்னது முன்னதுக்குள் கரைந்துபோகும். 1983 ஜூலையில் இலங்கையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடித் தாக்கினார்கள். அதற்கும் நாம் வழக்கமாகச் சொல்லும் சொல் 'இனக்கலவரம்'. பட்டியல் பார்த்துச் செய்வதைக் கலவரம் என்பது கலவரம் என்ற சொல்லுக்கே பொருந்தாது.

இதைவிடக் கடுமையான பிழை ஒன்று உண்டு. சில சொற்கள் செய்தவரை மறைப்பதோடு நிற்காமல், குற்றத்தைப் பட்டவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. 'கள்ளக்காதல் விவகாரம்: இளம்பெண் குத்திக் கொலை' என்ற வகைத் தலைப்பில் இரண்டு சொற்கள் குற்றத்தைச் சுட்டுகின்றன. கொலை என்பது செய்தவருடைய குற்றம். 'கள்ள' என்பது செத்தவள்மேல் ஏற்றிய குற்றம். அதுதான் முதலில் வருகிறது. கொலை அதற்கு விளைவுபோலப் பின்னால் வருகிறது. பிறர் மனைவியோடு ஓர் ஆண் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. திருமணத்தில் அது துரோகமாக இருக்கலாம், விவாகரத்துக்குக் காரணமாகலாம், குற்றம் அல்ல. சட்டம் கைவிட்ட குற்றத்தைத் தலைப்பு பிடித்து வைத்திருக்கிறது. 'கற்பழிப்பு' என்ற சொல்லும் இதே இனம். அதில் அழிவது கற்பு, அது பெண்ணுடையது, ஆகவே இழப்பும் இழுக்கும் அவளுடையது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கை, பாலியல் வன்முறையை மானம் போன கணக்கில் பார்ப்பதை மறுத்து, அது பெண்ணின் உடல் மீதான உரிமையை மீறுவது என்று நிறுவியது. தமிழ் ஊடகங்கள் பல அந்தச் சொல்லை விட்டுவிட்டன. அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். உங்களால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

உண்மையில் இந்த வேலையைத் தமிழ்ப் பொதுவாழ்வு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. 'தாழ்ந்த சாதி' என்பது ஒரு காலத்தில் சாதாரணப் பேச்சு. தாழ்ந்தது என்றால் தானாகத் தாழ்ந்தது, இயல்பிலேயே தாழ்ந்தது. அந்த இடத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல் வந்தபோது யாரோ தாழ்த்தினார்கள் என்ற வரலாறு சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. 'பிற்படுத்தப்பட்டோர்' என்பதும் அப்படியே. ஆங்கிலச் சட்டமொழி பின்தங்கிய வகுப்பு என்ற பொருளில் பேசும்போது, தமிழ்நாட்டின் அரசாணைகளும் சாதிச் சான்றிதழ்களும் பின்னால் தள்ளப்பட்டவர்கள் என்று பேசுகின்றன. ஒரு நிர்வாகச் சொல்லில் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு நாம் அன்றாடம் விண்ணப்பம் நிரப்புகிறோம். 'ஆணவக் கொலை' இன்னும் அண்மைக் காலத்துச் சான்று. சாதி மாறி மணந்த பிள்ளைகளைக் கொல்வதைக் 'கௌரவக் கொலை' என்று எழுதிவந்தோம். கொன்றவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட காரணத்தையே செய்தியும் சூட்டியது. இதில் கௌரவம் எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே லதா சிங் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழில் சாதி ஒழிப்பு இயக்கத்தினரும் எழுத்தாளர்களும் கௌரவத்தை எடுத்துவிட்டு ஆணவத்தை வைத்தார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த சங்கர் வெட்டப்பட்ட பிறகு அந்தச் சொல் மேடையிலிருந்து தலைப்புக்கு வந்தது. இன்று அதை எழுதும்போது உங்களில் யாரும் தயங்குவதில்லை. கட்சிச் சார்பு என்று வாசகரும் குறை சொல்வதில்லை.

இது புதிய நாகரிகம் என்று நினைப்பவர்கள் திருக்குறளின் அதிகாரப் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படிக்கலாம். கள்ளாமை, கொல்லாமை, வெஃகாமை, புறங்கூறாமை, இன்னா செய்யாமை, வெருவந்த செய்யாமை. தீமைகளைப் பற்றிய இந்த அதிகாரங்களுக்குச் செயலின் பெயரை எடுத்து, அதைச் செய்யாதிருத்தல் என்றே தலைப்பு வைத்திருக்கிறது அந்த நூல். செய்கிற ஆள் ஒருவன் இருந்தால்தான் செய்யாதிருக்கச் சொல்ல முடியும். அரசன் செய்யும் கொடுமைக்குக் கொடுங்கோன்மை என்று தனி அதிகாரமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே வளைந்த கோலும் அதைப் பிடித்திருக்கிற கையும் சேர்ந்தே நிற்கின்றன. 'சம்பவம்' என்ற மூடியைப் போட்டு எல்லாவற்றையும் மூடுகிற வழக்கம் நம் பழைய அறநூல் மரபில் இல்லை. அது அச்சுக்கூடமும் போலீஸ் பிரஸ் நோட்டும் வந்த பிறகு வந்தது.

இனி உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். முதலாவதும் கனமானதும் இது: யார் செய்தார் என்று நீதிமன்றம் சொல்லுமுன் நாங்கள் எப்படி எழுதுவது, அவதூறு வழக்குக்கு யார் பதில் சொல்வது? நியாயமான கவலை. ஆனால் இதற்கான விடையும் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'இறக்கப்பட்ட' என்ற செயப்பாட்டு வினை எவர் பெயரையும் சொல்வதில்லை. இறக்கியவர் ஒருவர் உண்டு என்பதை மட்டும் காப்பாற்றுகிறது. அது யார் என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். ஒருவர் இருந்தார் என்பதை முடிவு செய்ய வழக்கு தேவையில்லை. கூலி வாங்கப் போன தொழிலாளி ஊரார் தொட்டிக்குள் தன் விருப்பத்துக்கு இறங்குவதில்லை. தூத்துக்குடியில் சுட்டது போலீஸ் என்பதில் எந்தத் தரப்புக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சுட்டது சரியா என்பதில்தான் வழக்கு. மறுக்கப்படாத செயலைச் சொல்வதற்கும் மறுக்கப்படுகிற பொறுப்பைத் தீர்ப்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அதே கவலையை நீங்கள் வேறோர் இடத்தில் காட்டாததுதான் எனக்கு வியப்பு. செயலைச் சொல்லத் தயங்குகிற அதே பக்கத்தில், ஆளுக்குப் பட்டம் கட்டத் தயக்கமே இல்லை. பிடிபட்ட அன்றே ஒருவர் 'கொள்ளையன்', 'காமக்கொடூரன்', 'பலே திருடன்' ஆகிவிடுகிறார். பத்து ஆண்டு கழித்து அவர் விடுதலையானால் அது உள்பக்கத்தில் ஒரு பத்தி. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் முழுவதும் இந்த ஒரு பிழையின் கதைதான். பொற்கொல்லன் ஒருவன் 'கள்வன்' என்ற சொல்லை எடுத்துக் கொடுக்கிறான்; மன்னன் விசாரிக்காமல் அதை ஏற்கிறான்; கோவலன் வெட்டுப்படுகிறான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகு, அந்தச் சொல் உண்மையில் யாருக்கு உரியது என்பதை உணர்ந்து மன்னன் அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு சாகிறான். ஆளின்மேல் ஒட்டிய சொல் ஒரு தலைமுறையையே அழித்த வரலாறும் நம் மண்ணில் உண்டு. 1871இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்று கேட்டு, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தது. அதை எதிர்த்தவர்களைத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டுக் கொன்றது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று. அந்த மக்கள் 'சீர்மரபினர்' ஆனார்கள். சொல்லின் வடு போக இன்னும் பல காலம் பிடித்தது. ஆகவே நான் கேட்பது கடுஞ்சொல் அல்ல. வினையில் துல்லியம், பெயரில் நிதானம். செயலைச் சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். ஆளைச் சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தோடு நில்லுங்கள்.

இரண்டாவது நியாயம், நடுநிலை. 'மோதல்' என்றால் யாருக்கும் கோபம் வராது, 'தாக்குதல்' என்றால் ஒரு தரப்புக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள் என்பது. ஆனால் இரண்டு தரப்பும் ஒன்றையே செய்ததாக எழுதுவதும் ஒரு தீர்ப்புதான். சமமில்லாததைச் சமம் என்று சொல்லும் தீர்ப்பு. குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவரை ஒருவர் அடித்தால் அங்கே நடந்தது அடி. பட்டவர் திருப்பி அடித்தாரா என்பதை விசாரித்து, அடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். சாதிக் குற்றங்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 1989இல் நாடாளுமன்றம் இயற்றியபோது, பொதுவாகக் 'கொடுமை' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உண்ணத் தகாததைத் தின்ன வைப்பது, நிர்வாணமாக நடத்திச் செல்வது, நிலத்தைப் பறிப்பது, குடிநீரை அசுத்தமாக்குவது என்று செயல் செயலாகப் பட்டியலிட்டது. 2015இல் திருத்தியபோது மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது, சமூகப் புறக்கணிப்பு ஆகியவற்றைச் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் செய்பவர் ஒருவர், படுபவர் ஒருவர். 'சாதி மோதல்' என்ற இரண்டு சொல் இந்தப் பட்டியல் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. நடுநிலை வேண்டும் என்பவர்கள் இந்தப் பட்டியலின் மொழியில் எழுதினாலே போதும். அதில் உரிச்சொல் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது நியாயம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் நாளடைவில் அது தேய்ந்துவிடுகிறதே, பிறகு எதற்கு மாற்றுவது? உண்மைதான். 'தாழ்த்தப்பட்டோர்' என்று எழுதுகிற பலருக்கு இன்று அந்தப் 'பட்ட' காதில் விழுவதில்லை. 'கற்பழிப்பு' போய் வந்த 'பாலியல் வன்கொடுமை' பேருந்தில் இடித்ததையும் கூட்டு வன்புணர்வையும் ஒரே பெயரால் அழைக்கிறது. கனமான சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியதில் அது இலேசாகிவிட்டது. 'வன்கொடுமை' என்பது சாதிக் குற்றங்களுக்கான சட்டத்தின் பெயர் என்பதும் மங்கிவிட்டது. இதற்குத் தீர்வு பழைய சொல்லுக்குத் திரும்புவது அல்ல. செயலுக்குச் செயல் பிரித்துச் சொல்வது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் ஊடுருவும் பாலியல் தாக்குதல், அதன் கடுமையான வடிவம், ஊடுருவாத தாக்குதல், அதன் கடுமையான வடிவம், பாலியல் தொல்லை என்று ஐந்தாகப் பிரிக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தண்டனை வேறு. வன்புணர்வு, பாலியல் தாக்குதல், பாலியல் தொல்லை என்ற மூன்று சொற்களைப் பொருளறிந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே வாசகருக்கு நடந்தது விளங்கும். 'சில்மிஷம்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து குழந்தைகள் பற்றிய செய்தியில் எழுதாதீர்கள். அது குற்றத்தை விளையாட்டாக்குகிறது. இதில் சட்டமும் சுத்தமானது என்று நான் சொல்லவில்லை. 1998இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்துக்கே 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றுதான் பெயர். பெண்ணைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் பிறகுதான் மாறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கென வெளியிட்ட கையேடு, இத்தகைய பழைய சொற்களை அடுக்கி, அவற்றுக்குப் பதில் என்ன எழுதலாம் என்று எதிரில் கொடுத்தது. நீதிபதிகளே தங்கள் சொற்களைத் திருத்திக்கொள்ளும்போது நாம் திருத்திக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

நான்காவது, இடமும் நேரமும். பக்கம் முடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது, நான்கு பத்தி அகலத்தில் அடங்க வேண்டிய தலைப்புக்கு இலக்கண ஆராய்ச்சி நடத்த முடியாது என்பீர்கள். எண்ணிப் பார்த்துவிடுவோம். 'விஷவாயு தாக்கி 3 பேர் பலி' என்பதற்கும் 'தொட்டியில் இறக்கப்பட்ட 3 பேர் பலி' என்பதற்கும் ஆறெழுத்து கூடுதல். 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்பதை 'போலீஸ் சுட்டு 13 பேர் பலி' என்று எழுதினால் நான்கெழுத்து மிச்சம். 'கள்ளக்காதல் விவகாரம்' என்பதை எடுத்தேவிட்டால் ஒரு வரியே மிச்சம். ஆக, இடம் உண்மையான தடையில்லை. காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிற குறிப்பு ஏற்கெனவே ஒரு வாக்கியத்தோடு வருகிறது. நேரமில்லாதபோது அந்த வாக்கியமே தலைப்பாகிவிடுகிறது. ஆகையால்தான் சாத்தான்குளம் முதல் தகவல் அறிக்கையை மேலே சொன்னேன். குறிப்பு எழுதியவருக்கு ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைத் திருத்துவது உங்கள் தொழிலின் பகுதிதான்.

கடைசியாக, சொல்லை மாற்றினால் குற்றம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: குறையும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 'ஆணவக் கொலை' என்று எழுதத் தொடங்கிய பிறகும் கொலைகள் நடக்கின்றன. ஆனால் ஒரு சொல் அடுத்து எந்தக் கேள்வி எழும் என்பதைத் தீர்மானிக்கிறது. விஷவாயு என்றால் அடுத்த கேள்வி, முகக்கவசம் போட்டிருந்தாரா? இறக்கப்பட்டார் என்றால் அடுத்த கேள்வி, யார் இறக்கினார்? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செத்துவிட்டார்; இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இருக்கிறார். கௌரவக் கொலை என்று சொல்லிவந்த காலத்தில் அது குடும்ப விவகாரமாக இருந்தது. ஆணவக் கொலை என்றான பிறகு அதற்குத் தனிச்சட்டம் எங்கே என்ற கேள்வி பலமானது. தம்பதியரைப் பாதுகாக்க மாநிலங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் வகுத்துச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. இவையெல்லாம் ஒரு சொல்லால் வந்தவை என்று சொன்னால் அது மிகை. அந்தச் சொல் இல்லாமல் அந்தக் கோரிக்கையைச் சுருக்கமாக எழுப்பியிருக்க முடியாது என்று சொன்னால் மிகையில்லை. இன்னொன்றும் உண்டு. தொட்டியில் கணவனை இழந்த பெண்ணுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு உரிமை என்பது பெரும்பாலும் தெரியாது. விபத்து என்று படிக்கிறவர் விதியை நொந்துகொண்டு கிடைப்பதை வாங்கிக்கொள்வார். குற்றம் என்று படிக்கிறவர் வக்கீலைத் தேடுவார்.

நான் உங்களிடம் கேட்பது மூன்றே காரியங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் நடைக் கையேடு ஒன்று வைத்து, அதில் மரணம், வன்முறை, சாதி, பாலியல் குற்றம் பற்றிய செய்திகளுக்கு எழுதக்கூடிய சொற்களையும் எழுதக்கூடாத சொற்களையும் எதிரெதிரே அச்சிட்டு உதவி ஆசிரியர் மேசையில் ஒட்டுங்கள். தலைப்பை அனுப்புமுன் செயலைச் செய்தவர் வாக்கியத்தில் இருக்கிறாரா, குற்றச் சொல் பட்டவர்மேல் விழுகிறதா என்று ஒரே ஒரு முறை பாருங்கள். 'இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது' என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் யார் மேல், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று எழுதுங்கள். பதிவாகவில்லை என்றால் பதிவாகவில்லை என்று எழுதுங்கள். அடுத்த கழிவுநீர்த் தொட்டிச் செய்தி வரும்போது இதைச் செய்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்